ஸ்மித் எல்லோரும் கொல்லர் இல்லை: ஆங்கில, ஐரிஷ் குடும்பப்பெயர்களுக்குப் பொருள் தேடும் வழி

வார்ட் என்ற குடும்பப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் ‘காவல்காரன்’ என்று பதில் வரும். இங்கிலாந்து வார்டுக்கு அது சரி. அயர்லாந்தின் டொனிகாலிலோ கால்வேயிலோ வேர்கொண்ட வார்டுக்கு அது பொருந்தாது. அங்கே மூல வடிவம் ‘மாக் அன் வார்ட்’, அதாவது பாணன் மகன். டொனிகாலை ஆண்ட ஓ'டானல் தலைவர்களுக்குப் பரம்பரைப் புலவர்களாக இருந்த குடும்பம் அது. எழுத்தும் ஒலியும் ஒன்றுதான். பிறந்த இடம் வேறு, பொருளும் வேறு.

அதனால் முதலில் ஊர், அடுத்து பழைய வடிவம், அதற்குப் பிறகுதான் பொருள். தேடுபொறியில் பெயரைப் போட்டதும் வந்து விழும் ‘அர்த்தங்கள்’ பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவை.

தொடங்கும் முன் கொஞ்சம் காலக்கணக்கு. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நமக்கு இடைக்கால இங்கிலாந்தின் வழக்கம் புதிதல்ல. ஜானின் மகன் ராபர்ட், ‘ராபர்ட் ஜான்சன்’. அவன் மகன் வில்லியம், ‘வில்லியம் ராபர்ட்சன்’. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்தபின் நிலம் வைத்திருந்தவர்கள் முதலில் ஒரே பெயரை வாரிசுகளுக்கு விட்டுச்செல்லத் தொடங்கினார்கள். 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் பெயர் நிலைத்துவிட்டது. வேல்ஸில் சில பகுதிகளில் 18ஆம் நூற்றாண்டு வரைகூட இழுத்தது. அயர்லாந்து எல்லோரையும் முந்திக்கொண்டது: கால்வேயின் தென்பகுதியான அய்ட்னேயை ஆண்ட ஓ கிளேரீ தலைவர் ஒருவர் 916இல் இறந்ததாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. ஐரோப்பாவின் மிகப் பழைய பரம்பரைக் குடும்பப்பெயர்களில் ஒன்றாக இதைக் காட்டுவார்கள்.

முதல் வேலை: எழுத்துக்கூட்டல்களைச் சேர்ப்பது

தமிழில் எழுதிய பெயரை வைத்துக்கொண்டு தேட ஆரம்பிக்காதீர்கள். ‘ரீட்’ என்று தமிழில் எழுதிவிட்டால் மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ஒன்றாகிவிடும். ‘கிளார்க்’ கடைசியில் ஈ எழுத்து உண்டா இல்லையா என்பதும் மறைந்துபோகும். கல்லறைக் கல், திருமணச் சான்று, கடிதம் எதில் பெயர் இருந்தாலும் அதில் உள்ள ரோமன் எழுத்தை அப்படியே படியெடுங்கள்; பக்கத்தில் ஆண்டையும் குறியுங்கள்.

எழுத்தை நம்பி உச்சரிப்பை ஊகிக்கவும் கூடாது. சோல்மாண்டெலி என்று எழுதியிருப்பதை ‘சம்லி’ என்றும், பியூசாம்ப் என்று எழுதியிருப்பதைப் ‘பீச்சம்’ என்றும், ஃபெதர்ஸ்டன்ஹா என்று எழுதியிருப்பதை ‘ஃபேன்ஷா’ என்றும் படிப்பார்கள். பழைய பங்குப் பதிவேட்டை, அதாவது ஊர்த் தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமண, அடக்கக் குறிப்பை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆளின் பெயர் திருமுழுக்கில் ஒரு விதமாகவும் அடக்கத்தில் இன்னொரு விதமாகவும் இருப்பது சாதாரணம். ‘எங்கள் குடும்பம் எப்போதும் இரண்டு டி போட்டுத்தான் எழுதும்’ என்ற உறுதி 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் செல்லாது.

ஐரிஷ் பெயரென்றால் முன்னொட்டை மாற்றி மாற்றித் தேட வேண்டும். ‘ஓ’ மேற்காற்புள்ளியுடன், ஓவும் பெயரும் ஒட்டி, இடைவெளி விட்டு, ஓ இல்லாமல் என நான்கு தேடல். ‘மாக்’ முழுதாக, ‘மெக்’ என்று சுருக்கி, எம் எழுத்தும் மேற்காற்புள்ளியும் மட்டும், எதுவுமே இல்லாமல் என இன்னும் நான்கு. ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் வசதி இதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்வரும் மெய்களுக்கு மூன்று இலக்கம் தரும். ஓ'பிரையன் ‘ஓ165’ ஆகும். முன்னொட்டில்லாத பிரையன் ‘பி650’ ஆகும். அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் இருவரும் ஒரே பட்டியலில் வரமாட்டார்கள்.

இரண்டாவது: ஊரைப் பிடிப்பது

இங்கிலாந்து, வேல்ஸ் குடும்பமென்றால் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவில் இருக்கும். அதற்கு முன்னால் பங்குப் பதிவேடுகள். 1538இல் தொடங்கியவை, ஆனால் எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை தப்பவில்லை. உங்கள் கிளையைப் பின்னோக்கித் தொடர முடியாவிட்டால் 1881 மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். மக்கள் ரயிலேறி நகரங்களுக்குப் போன பிறகு எடுத்த கணக்குதான். ஆனாலும் அரிய பெயர்கள் பிறந்த இடத்தைச் சுற்றியே கிடப்பது அதில் பளிச்சென்று தெரியும். லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர் எண்ணிக்கையைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். அங்கே எல்லாப் பெயரும் இருக்கும்.

அயர்லாந்தில் சிக்கல் வேறு. 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துப் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி போய்விட்டது. 1861, 1871 கணக்குகளை அரசே அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக்கூழாயின. 1922க்கு முந்தைய கணக்குகளில் முழுதாக மிஞ்சியவை 1901, 1911 மட்டும். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம். அதற்கு முன் போக, 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீடும், 1823 முதல் 1837 வரையான, தேவாலயத்துக்குக் கட்டிய தசமபாக வரிப் புத்தகங்களும் உண்டு. இரண்டிலும் குடும்பத் தலைவர் அல்லது நிலம் பயிரிட்டவர் பெயர்தான் இருக்கும். மனைவி மக்களைத் தேடாதீர்கள். அரசுப் பதிவு கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்களுக்கு 1845இலும், மற்ற எல்லாவற்றுக்கும் 1864இலும் தொடங்கியது.

ஊர் தெரிந்தால் எவ்வளவு தெளிவாகும் என்பதற்குத் துணியைக் கெட்டிப்படுத்தும் தொழில் நல்ல சான்று. நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலைக்காரரைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். மூன்றும் ஒரே தொழில். வாக்கர் ‘நடந்துபோனவர்’ இல்லை, துணியின்மேல் நடந்தவர்.

மூன்றாவது: பழைய வடிவம்

ஆங்கிலப் பெயருக்கு 1500க்கு முந்தைய வடிவம் ஒன்றாவது வேண்டும். 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள் இதற்குப் பொக்கிஷம். அவற்றில் பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘லெ’ என்றால் தொழிலோ பட்டப்பெயரோ. ‘டி’ என்றால் ஊர். ‘அட்டெ’ என்றால் ஓர் இடத்துக்கு அருகில் குடியிருந்தவர். ‘ஃபிட்ஸ்’ அல்லது லத்தீனில் ‘ஃபிலியஸ்’ என்றால் இன்னார் மகன். இந்தச் சொற்கள் பின்னால் உதிர்ந்துபோயின, சில ஒட்டிக்கொண்டன. ‘அட்டென் ஆஷ்’, அதாவது ஆஷ் மரத்தடிக்காரர், நாஷ் ஆனார். ‘அட்டென் ஓக்ஸ்’ நோக்ஸ் ஆனது. முன்னால் நிற்கும் ‘ந்’ ஒலி எங்கிருந்து வந்தது என்று பழைய வடிவம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

பழைய வடிவம் கிடைத்தபின் எந்த வகை என்று பிரிப்பது எளிது. தொழிற்பெயர்களில் பேக்கர், டெய்லர், கூப்பர் போன்றவை பார்த்ததும் புரியும். மறைந்துபோன சொற்களில்தான் தடுக்கும்: ஃபிளெட்சர் அம்பு செய்பவர், சாண்ட்லர் மெழுகுவத்தி செய்பவர், பார்க்கர் வேட்டைக்காட்டுக் காவலர், பார்க்கருக்கு ஒலியில் நெருங்கிய பார்கர் மரப்பட்டையால் தோல் பதனிடுபவர். ‘ஸ்டர்’ விகுதி முதலில் பெண்ணைக் குறித்தது: பாக்ஸ்டர் ரொட்டி சுடுபவள், வெப்ஸ்டர் நெய்பவள், ப்ரூஸ்டர் பீர் வடிப்பவள். பின்னாளில் ஆண்களுக்கும் அதே பெயர் போனது. ஸ்பென்சர் பெரிய வீட்டின் உணவுக் கிடங்கிலிருந்து பண்டம் அளந்து கொடுத்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் பலசரக்கு விற்ற கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

தந்தைவழிப் பெயர்களில் சிரமம் செல்லப்பெயர்களால் வருவது. இடைக்காலத்தில் ஆண் பெயர்கள் குறைவு. ஒரே தெருவில் பத்து ராபர்ட் இருந்தால் எதுகை போல ஒலிமாற்றிக் கூப்பிட்டார்கள்: ராப், ஹாப், டாப். ராப்சன், ராபின்சன், ஹாப்சன், ஹாப்கின்ஸ், டாப்சன் எல்லாம் ராபர்ட் வீட்டுப் பிள்ளைகள். ரிச்சர்ட் இப்படியே டிக், ஹிக், ஹிட்ச் ஆகி டிக்சன், ஹிக்ஸ், ஹிட்ச்காக் என்று கிளைவிட்டது. வால்டரை அன்று ‘வாட்டர்’ என்றே உச்சரித்ததால் வாட்சனும் வாட்கின்ஸும். தாய் பெயரிலிருந்தும் வந்தவை உண்டு: மேரியிலிருந்து மாரியட், எம்மாவிலிருந்து எம்மெட், மட்டில்டாவிலிருந்து டில்லட்சன்.

வேல்ஸில் ‘ஆப்’ என்றால் மகன். அந்தப் பகரமோ பகரத்தின் மெலிந்த ஒலியோ பெயரோடு ஒட்டிக்கொண்டது: ஆப் ஹவெல் பாவெல், ஆப் ரீஸ் பிரைஸ், ஆப் ஹ்யூ பியூ, அப் ஓவன் போவன். ஆப் ஹாரி பாரி ஆனது. சென்னை பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி வேல்ஸ்காரர்தான்.

இடப்பெயர்களில் விகுதியைப் பிடித்தால் பாதி வேலை முடியும். ‘டன்’ பண்ணை, ‘ஹாம்’ குடியிருப்பு, ‘லி’ காடு திருத்திய வெளி, ‘ஃபோர்ட்’ ஆறு கடக்கும் துறை. ‘பி’, ‘தார்ப்’, ‘த்வெய்ட்’ என முடிந்தால் வைக்கிங்குகள் குடியேறிய வடக்கு, கிழக்குப் பகுதி. ‘ட்ரெ’, ‘பால்’, ‘பென்’ என்று தொடங்கினால் கார்ன்வால். ஆனால் ஊர்ப்பெயர் ஒருவருக்கு ஒட்டுவது அவர் அந்த ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதான். மதுரைக்குள் யாரையும் மதுரைக்காரர் என்று கூப்பிட்டு அடையாளம் காட்ட முடியாது. அதனால் லிங்கன் குடும்பத்தை லிங்கன் நகருக்குள் தேடுவதைவிட அதைச் சுற்றி ஒருநாள் நடையில் உள்ள ஊர்களில் தேடுவது பலன் தரும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதையும் மறக்காதீர்கள்.

பட்டப்பெயர்களில் எச்சரிக்கையாக இருங்கள். ரஸ்ஸல், ரீட் இரண்டும் செந்நிறத் தலைமுடியைச் சொல்பவை. கிங், போப், பிஷப் என்றால் முன்னோர் அரசரோ போப்பாண்டவரோ அல்ல. திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டியவர் அல்லது அந்தத் தோரணையில் திரிந்தவர். பிளேக் வேடிக்கையான பெயர்: பழைய ஆங்கிலத்தில் ‘கறுத்த’ என்ற சொல்லும் ‘வெளிறிய’ என்ற சொல்லும் ஒலியில் நெருங்கி நின்றதால், முதல் பிளேக் கறுப்பா சிவப்பா என்று சொல்ல வழியில்லை.

ஐரிஷ் பெயருக்குத் தனி இலக்கணம்

ஆங்கிலப் பெயருக்குச் செய்ததையே ஐரிஷ் பெயருக்கும் செய்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே நீங்கள் பார்ப்பது பெயரின் ஆங்கில முகமூடி. முதலில் அதைக் கழற்றி ஐரிஷ் வடிவத்தை மீட்க வேண்டும்.

‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘மாக்’ என்றால் மகன். ஐரிஷில் ‘ஓ’ மேல் ஒரு சாய்கோடு இருக்கும், பிறகு இடைவெளி. மேற்காற்புள்ளி ஆங்கில எழுத்தர்கள் போட்டது. மாக் என்றால் ஸ்காட்லாந்து, மெக் என்றால் அயர்லாந்து என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மெக் என்பது மாக்கின் சுருக்கெழுத்து மட்டுமே. இரண்டு நாட்டிலும் இரண்டும் உண்டு.

ஓவுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் வந்தால் நடுவே ஹகரம் தோன்றும், நம் உடம்படுமெய் போல. ஓ ஹோகான் ஆங்கிலத்தில் ஹோகன் ஆனது. மூலப்பெயர் ஓகான், ‘இளையவன்’ என்ற சொல்லிலிருந்து. ஓ ஹிகின் ஹிக்கின்ஸ் ஆனது. ஹகரத்தில் தொடங்கும் ஐரிஷ் குடும்பப்பெயர் கண்டால் அந்த ஹகரத்தை எடுத்துவிட்டு வேரைத் தேடுங்கள். ஹிக்கின்ஸ் இங்கிலாந்திலும் உண்டு. அது ரிச்சர்டின் ‘ஹிக்’ வழி வந்தது.

‘கில்லா’ என்றால் ஒரு புனிதரின் தொண்டன். நம் ஊர் ‘தாசன்’ போல. ஆங்கிலத்தில் கில், கிள், மெக்கில் என்று மாறும். ‘மோல்’ என்றால் தலை மழித்த அடியவன். மல், மலோன் என்று மாறும்: மலோன் என்றால் புனித யோவானின் அடியவர் வழி.

பெண்களுக்கு முன்னொட்டே மாறும், அடுத்த மெய்யும் மெலியும். ஓ பிரியன் வீட்டில் பிறந்த பெண் நீ வ்ரியன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஈ வ்ரியன். மாக் வீட்டு மகளுக்கு ‘நிக்’. ஐரிஷில் எழுதிய ஆவணத்தில் இவர்களை வேறு வேறு குடும்பம் என்று பிரித்துவைத்துவிடாதீர்கள்.

இனி முகமூடி போட்ட முறைகள். ஒலியைப் பின்பற்றியவை எளியவை: ஓ பிரின் பைர்ன் ஆனது, வேர்ச்சொல் அண்டங்காக்கை. ஓ டூவில் டாயில் ஆனது, ‘கறுத்த அந்நியன்’, வைக்கிங்குகளை ஐரிஷ்காரர் அழைத்த பெயர். அயர்லாந்தில் அதிகம் காணப்படும் மர்ஃபியின் பொருள் ‘கடல் வீரன்’.

மொழிபெயர்த்தவை அடுத்த வகை. மாக் கவன் என்றால் கொல்லன் மகன். சிலர் மெக்கவன் என்றே இருந்தார்கள், காவன் மாவட்டத்தில் பலர் ஸ்மித் ஆனார்கள். தப்பாக மொழிபெயர்த்தவையும் உண்டு. மாக் அன் டீர் என்றால் தச்சன் மகன். அந்தச் சொல்லுக்கே ‘சுதந்திரமான’ என்ற பொருளும் இருப்பதால் சிலர் கார்ப்பென்டர் ஆக, வேறு சிலர் ஃபிரீமேன் ஆனார்கள். கால்வேயின் மாக் கொன்ரீ குடும்பம் கிங் ஆனதற்குக் காரணம் கடைசி அசை ‘ரீ’, ஐரிஷில் அரசன் என்பதுபோல ஒலித்தது மட்டும்தான்.

மூன்றாவது வகை, பக்கத்தில் கிடைத்த ஆங்கிலப் பெயரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டவை. கார்க் பகுதியின் ஓ கில்லான் குடும்பம் காலின்ஸ் ஆனது. வேர்ச்சொல் நாய்க்குட்டி. இங்கிலாந்தின் காலின்ஸோ நிக்கோலஸின் செல்லப்பெயரிலிருந்து வந்தது. மாக் கில்லா ஃபாட்ரிக், பேட்ரிக்கின் தொண்டன் மகன், ஃபிட்ஸ்பேட்ரிக் ஆனது. ஃபிட்ஸ் என்று தொடங்கும் மற்றவை நார்மன் வழி, இது மட்டும் ஐரிஷ்.

1169இல் தொடங்கிய படையெடுப்போடு வந்த நார்மன் குடும்பங்களின் பெயர்களும் இன்று ஐரிஷ் பெயர்களாகவே நிற்கின்றன: பர்க், பவர், ரோச், ஃபிட்ஸ்ஜெரால்ட். வால்ஷ் என்றால் வேல்ஸ்காரர், வெளியூரார். காஸ்டெல்லோ இன்னும் சுவை; நார்மன் குடும்பமாக இருந்துகொண்டே ஐரிஷ் முறைப்படி மாக் போட்டுக்கொண்டவர்கள்.

முன்னொட்டு உதிர்ந்ததற்கும் வரலாறு உண்டு. 1465இல் டப்ளினைச் சுற்றிய ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் இருந்த ஐரிஷ்காரர், ஓர் ஊர், நிறம், தொழில் அல்லது பதவியின் பெயரில் ஆங்கிலக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஓவும் மாக்கும் ஏராளமாகக் கைவிடப்பட்டன. 1893இல் ஐரிஷ் மொழியை மீட்கக் கேலிக் லீக் என்ற அமைப்பு தோன்றிய காலத்தில் பலர் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். எனவே இன்றைய பெயரில் ஓ இருப்பதோ இல்லாததோ எதற்கும் சான்றாகாது.

ஒரு படிவத்தைக் கையில் எடுத்து

காவன் மாவட்டத்து ஸ்மித் குடும்பத்தின் 1901 கணக்குப் படிவம் உங்கள் திரையில் இருக்கிறது என்று வையுங்கள். பெயருக்கு அடுத்து உறவு, மதம், படிப்பு, வயது, தொழில், பிறந்த இடம், பிறகு ஐரிஷ் மொழி. முதலில் மொழிக் கட்டம்: முதியவர் ஒருவருக்காவது ‘ஐரிஷும் ஆங்கிலமும்’ என்றிருந்தால் மாக் கவன் பக்கம் சாயலாம். அடுத்து மதம். 1609இல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் தொடங்கிய குடியேற்றத்தில் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் இந்த மாவட்டத்திலும் நிலம் பெற்றதால், புராட்டஸ்டண்ட் ஸ்மித் நிஜமாகவே இங்கிலாந்து ஸ்மித்தாக இருக்க வாய்ப்பு கூடும். இது துப்பு மட்டுமே; மதம் மாறிய குடும்பங்களும் கலப்புத் திருமணங்களும் உண்டு. பிறகு அதே கிராமத்தைக் கிரிஃபித் மதிப்பீட்டில் திறந்து, மெக்கவனும் ஸ்மித்தும் அடுத்தடுத்த நிலத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் பங்குப் பதிவேட்டில் ஒரே தம்பதியரின் பிள்ளைகள் இரண்டு பெயரிலும் வருகிறார்களா என்று தேடுவது கடைசிப் படி. அப்படி வந்தால் ஐயமில்லை.

பொருளைச் சரிபார்க்க 2016இல் நான்கு தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர் அகராதி நம்பகமானது. 45,000க்கு மேற்பட்ட பெயர்களைப் பழைய பதிவுகளோடு தருகிறது. ஒரு பெயருக்கு மூன்று மூலம் கொடுத்திருந்தால் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காமல் உங்கள் ஊருக்குப் பொருந்துவதை எடுங்கள். பாதி மட்டும் தெளிவாக இருக்கும் பெயர்களும் உண்டு. சல்லிவனின் முதல் பாதி ‘கண்’ என்பதில் தகராறில்லை. கறுப்புக் கண்ணா ஒற்றைக் கண்ணா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. குறிப்பில் அதையும் அப்படியே எழுதுங்கள்.

காசைக் கரைக்கும் இடம் குடும்பச் சின்னம். ‘உங்கள் பெயருக்கான கேடயச் சின்னம்’ என்று கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு விற்பார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது. 1484இல் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் சின்னத்தைத் தனி ஒருவருக்கே வழங்குகிறது. அது அவர் வாரிசுகளுக்குப் போகும், அதே பெயருள்ள எல்லோருக்கும் அல்ல. அமெரிக்கக் கிளை இருந்தால் ‘எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்’ என்ற கதையும் வரும். 1892இல் திறந்த அந்த நியூயார்க் குடிவரவு நிலையத்து அதிகாரிகள் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான கப்பல் பட்டியலோடு ஒத்துப்பார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியிருந்தால் குடும்பம் தானே பின்னால் மாற்றியிருக்கும்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோ, மதராஸ் படையில் இருந்தவர்களின் வழிவந்தவர்களோ தேடினால், மதராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ தொடரில் இருக்கின்றன. கம்பெனிப் படையில் ஐரிஷ் சிப்பாய்கள் நிறையப் பேர். அதனால் ஆங்கிலப் பெயராகத் தெரிவதை முதலில் ஐரிஷ் முகமூடியா என்று சந்தேகிப்பது நல்லது.

பழகிப்பார்க்க இரண்டு பெயர். முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்கின் பெயரைப் பைசாவோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள பெனிகுயிக் ஊர்ப்பெயர் அது, பழைய பிரிட்டானிய மொழியில் குக்கூ பறவையின் குன்று. அடுத்தது கால்டுவெல். 1814இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர் என்று படித்ததும் ஐரிஷ் வடிவம் தேட ஓடாதீர்கள். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், பெயரும் பழைய ஆங்கிலத்தில் ‘குளிர்ந்த ஊற்று’ என்ற இடப்பெயர்தான்.